எக்ஸ்ரேக்காரர் சரிக்கட்டிய கடன்

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு, பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருக்கும் எக்ஸ்ரே பிரிவில், ஐம்பத்தாறு வயது ஊழியர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு என்று சான்றிதழ் எழுதினார்கள்.

பதினோரு நாள் கழித்து அவருடைய வீட்டு முன்னறையில் துப்பறிவாளரும் அவருடைய உதவியாளரும் உட்கார்ந்திருந்தார்கள். உதவியாளருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டு சம்மன்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் என்பதால் சொந்தப் பெயர் தேய்ந்து, சம்மன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்த துப்பறிவாளர் அவரைவிடப் பத்து வயது இளையவர். அந்தப் பெண்மணியைச் சம்மன் 'மேடம்' என்று கூப்பிடுவார். மரியாதை பாதி, கிண்டல் பாதி.

இறந்தவரின் மனைவி தையல்காரி. முன்னறையில் நான்கு தையல் மெஷின்கள், சுவரோரம் நர்ஸ் கோட்டுகள் அடுக்கு அடுக்காக. நாற்பது கோட்டை மறுநாள் கொடுக்க வேண்டியிருந்ததால் கோட்டுப் பைகளைத் தைத்துக்கொண்டே பேசினாள்.

பைனான்ஸ் கம்பெனியிலிருந்து வந்த நோட்டீஸ் மேஜைமேல் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது லட்சம் கடன், அந்தப் பணத்தில் வாங்கிய பங்குகளும் ஏற்கெனவே இருந்த பங்குகளும் ஈடு, கூடுதல் ஈடாக வீட்டுப் பத்திரம். பங்கு விலை சரிந்துவிட்டது, ஏழு நாளுக்குள் மிச்சத்தைக் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும்.

"தவணையில ஒரு மிக்சி வாங்க விடமாட்டார்," என்றாள். "அந்த மனுஷன் ஒன்பது லட்சம் வாங்கினார்னா நம்பற மாதிரியா இருக்கு? சாட்சிக் கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

சம்மன் பார்த்தார். அவளுடைய தம்பியின் கையெழுத்து. பங்குகள் எந்தக் கம்பெனியுடையவை என்றால், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் சக்கரம் செய்கிற கம்பெனி. தம்பி அங்கேதான் ஸ்டோர்கீப்பர். அவனும் அதே பைனான்ஸில் ஆறு லட்சம் வாங்கி அதே பங்கை வாங்கியிருக்கிறான். ஆனால் ஜூன் ஆறாம் தேதி தன் கடனைச் சுத்தமாக அடைத்துவிட்டான். மூன்றாம் நாள் அக்காள் புருஷன் செத்துப்போனார். பதினொன்றாம் தேதி பங்கு குப்புற விழுந்தது. நோட்டீஸ் வந்த அன்று வீடு தேடி வந்த தம்பியை அவள் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள்.

வக்கீல் அவளிடம் சொன்னது ஒரே ஒரு வழி. தம்பி ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினான் என்று நிரூபித்தால் கடன் பத்திரத்தை எதிர்த்து வழக்குப் போடலாம், வீடு தங்கலாம். இல்லாவிட்டால் வேறு கதவே கிடையாது.

"என் தம்பி மாட்டிவிட்டானா இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

வீட்டுக்கும் தம்பிக்கும் நடுவே அவள் நிற்கிறாள் என்பது சம்மனுக்குப் புரிந்தது. தம்பி அயோக்கியனாக இருந்தால் வீடு மிஞ்சும். யோக்கியனாக இருந்தால் தம்பி மிஞ்சுவான். இரண்டும் சேர்ந்து மிஞ்சுகிற கணக்கு எங்கேயும் தெரியவில்லை.

துப்பறிவாளர் இறந்தவரின் சாமான்களைக் கேட்டார். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு வந்தது. பழைய எக்ஸ்ரே பிலிம்கள். மேல்பூச்சைக் கழுவிக் கண்ணாடி மாதிரி ஆக்கி, அதன்மேல் மார்க்கர் பேனாவால் கோடும் கட்டமும் போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட வெளிச்சப் பெட்டி ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. துப்பறிவாளர் ஒரு பிலிமைச் செருகி விளக்கைப் போட்டார்.

"எலும்பு எதுவும் தெரியலையே மேடம்."

"கம்பெனியோட எலும்பு. பாருங்க, மூலையில ஒண்ணுன்னு நம்பர். சிவப்புத் தூண் ஐம்பதுல நிக்குது. முதலீட்டுல நூறுக்கு ஐம்பது கடன்."

இரண்டாம் எண் பிலிம் காலியாக இருந்தது. அதில் 'நான்' என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்றாம் எண்ணில் கம்பெனியின் சிவப்புத் தூண் அறுபத்தைந்துக்கு ஏறியிருந்தது. நான்காம் எண்ணில், மறுபடி 'நான்'. இந்த முறை பச்சையில் பதினைந்து, மேலிருந்து கீழே தொங்கியது. துப்பறிவாளர் மூன்றையும் நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். பச்சை, சிவப்பின் உச்சியை மூடிக்கொண்டது. மிச்சம் ஐம்பது.

அந்தப் பிலிம் போட்ட வருஷம் ஏதாவது பங்கு விற்றாரா என்று கேட்டார். விற்றார், வங்கியில் டெபாசிட் போட்டார் என்றாள் தையல்காரி. அந்த டெபாசிட்டில்தான் மாடிப்படி கட்டினார்களாம்.

ஐந்தும் ஆறும் அதே மாதிரி. ஏழாம் பிலிமில் கம்பெனியின் தூணே இல்லை, அடியில் ஒரு பூஜ்யம். எட்டாம் பிலிமில் 'நான்', சிவப்பில் ஐம்பது. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மறுபடியும் அதே ஐம்பது.

சம்மன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "என்ன விளையாட்டு மேடம் இது?"

"விளையாட்டு இல்லை, பிடிவாதம். கம்பெனி நூத்துக்கு ஐம்பது கடன்ல ஓடறப்ப இவர் பங்கு வாங்கியிருக்கார். அந்த அளவு இவருக்குப் பிடிச்சிருக்கு. அதுக்கு மேல கம்பெனி கடன் வாங்கினா, இவர் பங்கைக் கொஞ்சம் வித்துக் காசை டெபாசிட்ல போட்டுடுவார். கம்பெனி ஏத்தினதை இவர் வீட்டுல இறக்கிட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனி கடனையெல்லாம் அடைச்சிட்டோம்னு அறிவிச்சது. ஆண்டறிக்கை அட்டையில பலூன் பறக்கவிட்டாங்க. உடனே இவர் என்ன பண்ணினார்?"

"கம்பெனி இறக்கினதை வீட்டுல ஏத்திட்டார்."

"தன் காசு ஒன்பது லட்சம், கடன் ஒன்பது லட்சம். பாதிக்குப் பாதி. மிக்சிக்குத் தவணை வேண்டாம்னு சொன்ன அதே ஆள்தான். அளவு மாறக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு."

தையல் மெஷின் நின்றிருந்தது. யாரும் ஏமாற்றாமல் தன் புருஷனே திட்டம் போட்டுக் கடன் வாங்கினார் என்பதை அவள் காதில் வாங்கிக்கொள்ள நேரமாயிற்று. அப்படியானால் தம்பி எப்படித் தப்பித்தான், இவர் எப்படி மாட்டினார் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. துப்பறிவாளர் பிலிம் கட்டை மறுபடி எண்ணினார். எட்டு வரை இருந்தது, எட்டில் இருந்த அதே ஐம்பதோடு பத்து இருந்தது, ஒன்பதாம் பிலிம் இல்லை.

வெளியே வந்ததும் துப்பறிவாளர் தெருவிலேயே நின்று கணக்குச் சொன்னார். சக்கரக் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டார், ஆர்டர் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சரிந்தது. பங்கு நானூறிலிருந்து இருநூற்று இருபதுக்கு வந்தது. அது நியாயமான சரிவு. அந்த விலையிலும் எக்ஸ்ரேக்காரர் மூழ்கவில்லை. ஆனால் ஜூன் பதினொன்றிலிருந்து இரண்டே நாளில் நாற்பதுக்கு விழுந்தது. ஆர்டர் மறுபடி குறையவில்லை.

"பயந்து வித்திருப்பாங்க."

"பயத்துக்கு இவ்வளவு பசி கிடையாது, சம்மன். கடனே இல்லாத கம்பெனியோட பங்கு இப்படி விழாது. கடன்ல பாதி முழுகின கம்பெனியோட பங்குதான் விழும்."

"கடன்தான் இல்லையே. பலூன் விட்டாங்களே."

"வாங்க, பலூனைப் பார்த்துட்டு வருவோம்."

சக்கரத் தொழிற்சாலைக்குள் வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. சம்மன் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேனைப் பார்க்காமல் நேரே நடந்தார். உறையோடு நடக்கிற ஆளை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை என்பது அவருடைய இருபத்திரண்டு வருஷ அனுபவம். உறையில் அவருடைய கரண்ட் பில் இருந்தது.

ஸ்டோர் அறை நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் இரும்பு ராக்குகள், சக்கரங்கள் அளவுவாரியாகப் பெட்டிகளில். ரப்பர் வாசனை. தம்பி எழுந்து நின்றான். நாற்பத்திரண்டு வயது, காதில் பென்சில். அக்கா அனுப்பினார்களா என்று முதலில் கேட்டான். ஆமாம் என்றதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எதற்கு அனுப்பினாள் என்று தெரிந்ததும் அது போய்விட்டது.

துப்பறிவாளர் கண்ணாடி ஜன்னல் வழியே தெரிந்த மோல்டிங் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் இடுப்பிலும் உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு. போய் ஒன்றைப் படித்துவிட்டு வந்தார்.

"இந்தத் தகடெல்லாம் யார் ஒட்டினது?"

"நான்தான் மேடம். ரெண்டு வருஷம் ஆச்சு. இருநூத்துப் பதினாலு தகடு. ரெண்டு நாள் முதுகு நிமிர்த்தலை."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"நம்பர் பார்த்தேன். நம்பரைத்தான் ரிஜிஸ்டர்ல ஏத்தணும். மேல என்ன இருந்தா நமக்கென்ன?"

மேலே இருந்தது ஒரு லீசிங் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே, இந்த இயந்திரம் அவர்களுடைய சொத்து, அனுமதியில்லாமல் நகர்த்தக் கூடாது என்று ஒரு வரி. சக்கரக் கம்பெனி தன் ஷெட்டையும் மெஷின்களையும் விற்று, அந்தக் காசில் வங்கிக் கடனை அடைத்துவிட்டு, விற்ற மெஷின்களையே பதினைந்து வருஷ வாடகைக்கு எடுத்திருந்தது. மாதாமாதம் வாடகை. நிறுத்தினால் அத்தனையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அப்ப இது வாடகை வேஷம் போட்ட கடன்," என்றார் சம்மன்.

"அதே ஐம்பது. பலூனுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தது. பதினொண்ணாம் தேதி சந்தைக்கு அது தெரிஞ்சிருக்கு." துப்பறிவாளரின் குரலில் கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை. "கம்பெனி இறக்கிட்டதா நம்பி இவர் வீட்டுல ஏத்தினார். கம்பெனி இறக்கவே இல்லை. ரெண்டு சுமையும் இவர் தலையில. நூறுக்கு ஐம்பதுன்னு நினைச்சுட்டு எழுபத்தஞ்சுல நின்னிருக்கார். வியாபாரம் கால்வாசி சரிஞ்சா போதும், ஆள் காலி."

தம்பி மெதுவாக ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தான். மாமாவும் இதே தகட்டைத்தான் பார்த்தார் என்றான். மே இருபத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, இவன் அக்கா வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே வந்தவர், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாராம். திரும்பி வந்து தண்ணீர் கேட்டாராம். இரண்டு டம்ளர் குடித்தாராம். மறுநாள் காலையில் ஒரு விற்பனைச் சீட்டுக் கட்டை நீட்டி, உன் பங்குகளை விற்றுத் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடு என்றாராம்.

"ஏன்னு கேக்கலையா?"

"வாங்கச் சொன்னப்ப ஏன்னு கேட்டேன். ஒண்ணரை மணி நேரம் விளக்கினார் மேடம். விக்கச் சொன்னப்ப கேக்கத் தைரியம் வரலை."

சம்மனுக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அவனுக்குக் கையில் ஏதாவது மிஞ்சியதா என்று துப்பறிவாளர் கேட்டார். கடனும் வட்டியும் கட்டிய பிறகு பஸ்ஸுக்குத்தான் இருந்தது என்றான். மாமாவும் தன் பங்கை அப்போதே விற்றிருப்பார் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

திரும்புகிற வழியில் பைனான்ஸ் கம்பெனி இருந்தது. அதிகாரி மரியாதையானவர், நாற்காலி போட்டார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சக்கரக் கம்பெனி மறைத்தது தவறுதான், புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள் என்றார். ஆனால் அது கம்பெனியின் கடன். கம்பெனி மூழ்கினால் பங்குக்காரருக்குப் பங்கு மட்டும்தான் போகும், யாரும் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். இது அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிய கடன். இதற்குக் கதவு உண்டு.

சம்மன் ஒவ்வொரு படியாக இறங்கினார். வருஷக்கணக்காகக் கதவு தட்டியவர் அவர். இரண்டு கடனும் ஒன்றையொன்று மூடிக்கொள்கிற மாதிரி வெளிச்சத்தில் தெரிந்திருக்கலாம், கதவுக்கு முன்னால் இரண்டும் ஒன்றல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஒன்பதாம் பிலிம் மேடம்," என்றார் கடைசிப் படியில். "அது எங்கே?"

"அவருக்குப் படம் போட வெளிச்சப் பெட்டி வேணும். வீட்டுல ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு எங்கே இருக்கும்?"

எக்ஸ்ரே பிரிவில் அவருடைய இடத்துக்கு வந்திருந்த பெண் இளைத்துக் களைத்திருந்தாள். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். பழைய ஊழியரின் சாமான் என்று எதுவும் இல்லை, யாரும் வாங்கிப் போகாத நோயாளி உறைகள் மட்டும் இருக்கின்றன என்று கூறி ஒரு அலமாரியைக் காட்டினாள். சம்மனுக்கு உறைகள் என்றால் கை தானாக வேலை செய்யும். அறுபது உறைகளைப் புரட்டி ஒன்றை உருவினார். நோயாளியின் பெயர் எழுதுகிற இடத்தில் 'மச்சான்' என்று இருந்தது.

உள்ளே மூன்று பிலிம்கள், ஒரு சீட்டு. துப்பறிவாளர் அங்கேயே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"யாராவது வந்து கேட்டாங்களா இதை?" என்று அந்தப் பெண்ணிடம் சம்மன் விசாரித்தார். மச்சான் என்று ஒரு நோயாளி வரவே இல்லை என்றாள்.

மாலை ஐந்தரைக்குத் தையல்காரியின் முன்னறையில் வெளிச்சப் பெட்டி மறுபடி எரிந்தது. துப்பறிவாளர் சுற்றி வளைக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஒன்பதாம் பிலிம் தம்பியுடையது. சிவப்பில் ஐம்பது, அவனுடைய கடன். பதினொன்று கம்பெனியுடையது, தேதி மே இருபத்தொன்பது. பூஜ்யம் போட்ட இடத்தில் ஐம்பது உயரத்துக்குச் சிவப்புத் தூண், பக்கத்தில் 'தகடு' என்று ஒரு சொல். பன்னிரண்டாம் பிலிமில் ஆறு படிக்கட்டு மாதிரி ஒரு கோடு இறங்கியது. மே முப்பது, ஜூன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு படிக்கும் ஐந்நூறு. ஆறாம் படியில் பூஜ்யம்.

"இந்தப் பங்கை ஒரு நாளைக்கு ஐந்நூறுக்கு மேல வாங்க ஆள் கிடையாது," என்றார். "உங்க தம்பிகிட்ட மூவாயிரம் இருந்தது. ஆறு வேலை நாள். அந்த ஆறு நாளையும் அவனுக்குக் கொடுத்துட்டார். தன்னோடதைத் திங்கட்கிழமையில இருந்து விக்கலாம்னு வச்சிருந்தார்."

சீட்டை மேஜைமேல் வைத்தார். ஐந்நூறு பங்கு விற்க, தேதி ஜூன் ஒன்பது, கையெழுத்தோடு. சந்தை திறப்பது ஒன்பதேகாலுக்கு.

தையல்காரி சீட்டைத் தொடவில்லை. கோட்டுப் பையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அவனை ஏன் முதல்ல?"

"இவர்தான் அவனைக் கூட்டிட்டுப் போனவர். கூட்டிட்டுப் போனவர் கடைசியா இறங்கணும்னு நினைச்சிருக்கலாம். எழுதி வைக்கலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

சம்மன் கோட்டு அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆறு நாளும் எங்களுக்குன்னு வச்சிருந்தா?"

"ரெண்டு லட்சத்துக்குள்ள பாக்கி நின்னிருக்கும். வீடு தங்கியிருக்கும்."

அவள் தலையாட்டினாள். பிறகு சம்மன் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டாள். இந்தப் பிலிம்களை வேறு யாராவது பார்த்தார்களா?

"நாங்க ரெண்டு பேர்தான்."

"யாருமே பார்க்கலைன்னு வச்சுக்கிட்டா?"

"உங்க தம்பிதான் மாட்டிவிட்டான்னு வழக்குப் போடலாம். சாட்சிக் கையெழுத்து இருக்கு, அவன் கடன் மட்டும் அடைஞ்ச தேதி இருக்கு. பார்க்கறவங்க நம்புவாங்க. நாலஞ்சு வருஷம் இழுக்கும், அதுவரைக்கும் வீட்டுல இருக்கலாம். அவனுக்கு வேலை போகும். உள்ளே போனாலும் போவான்." துப்பறிவாளர் பிலிம்களை அடுக்கி உறைக்குள் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "இது உங்க சொத்து. நாங்க எடுத்துட்டுப் போகலை. எங்களைக் கூண்டுல ஏத்திக் கேட்டா மட்டும் பார்த்ததைச் சொல்லுவோம்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் அவள் உறையை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"அவன் பங்கை யார் வாங்கினாங்க?"

எங்கெங்கோ இருக்கிற நாலு பேர், பலூனை நம்பியவர்கள் என்றார் துப்பறிவாளர்.

"அவங்க வீட்டுக்கு யாரும் நோட்டீஸ் கொண்டு வரமாட்டாங்களா?" அவள் சம்மனைப் பார்த்துக் கேட்டாள்.

"கடன் வாங்கி வாங்கியிருந்தா வரும்மா," என்றார் சம்மன். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு மெதுவாக அவர் யாரிடமும் பேசியதில்லை.

அவள் விளக்கை அணைத்தாள். நாற்பது கோட்டில் இன்னும் பதினொன்று மிச்சம் இருக்கிறது, நாளைக் காலையில் கொடுக்க வேண்டும் என்றாள். அவர்கள் எழுந்துகொண்டார்கள்.

வழக்கு எதுவும் போடப்படவில்லை. சக்கரக் கம்பெனிமேல் துப்பறிவாளர் எழுதிக்கொடுத்த புகாருக்குப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு எண் வந்தது, அதற்குமேல் பதில் வரவில்லை. ஜூலை இருபத்து நான்காம் தேதி வீடு எட்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு ஏலம் போயிற்று. ஒரு மருந்துக்கடைக்காரர் எடுத்தார். முப்பதாம் தேதி காலை தம்பியும் இரண்டு கூலியாட்களும் நான்கு மெஷின்களையும் வண்டியில் ஏற்றினார்கள். ஆறு நாளைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வாடகைக்குப் பிடித்திருந்த ஒற்றை அறையில் இரண்டு மெஷின்களுக்குத்தான் இடம் இருந்தது. மற்ற இரண்டையும் அன்று மாலையே விற்றார்கள்.